சைவ உணவுக்காரர் மூளையில் நாடாப்புழு வந்தது எப்படி?

வலிப்பு வந்த ஒருவருக்கு ஸ்கேன் எடுத்துப் பார்த்து, "மூளையில் நாடாப்புழுவின் கட்டி ஒன்று இருக்கிறது" என்று மருத்துவர் கூறும்போது, குடும்பத்தாரிடம் முதலில் எழுவது அச்சம். அதன் பின்னாலேயே கூச்சமும் வந்துவிடுகிறது. "நாங்கள் சைவம். வீட்டில் முட்டைகூட வாங்குவதில்லை. எங்கள் பிள்ளைக்கு எப்படி, டாக்டர்?" என்ற கேள்வி அந்தக் கூச்சத்திலிருந்து பிறக்கிறது. பிள்ளை வெளியில் எங்கோ எதையோ தின்றுவிட்டான் என்று தந்தை ஐயுறுகிறார். தன் சமையலில் ஏதோ குறை என்று தாய் தனக்குள் வருந்துகிறார். புறநோயாளர் பிரிவில் சில நிமிடங்களில் இக்கேள்விக்கு முழு விடை சொல்லி முடிப்பது அரிது. ஆகவே இங்கு சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

இந்நோய்க்கு மருத்துவத்தில் நியூரோசிஸ்டிசர்கோசிஸ் என்று பெயர். இதற்குக் காரணம் டீனியா சோலியம் என்னும் ஒட்டுண்ணி; பன்றி நாடாப்புழு என்பது வழக்கில் உள்ள பெயர். குழப்பம் இந்தப் பெயரிலேயே தொடங்குகிறது. பன்றியின் பெயரைத் தாங்கியிருப்பதால், பன்றி இறைச்சி உண்டவருக்கே மூளையில் கட்டி வரும் என்று பலரும் எண்ணிக்கொள்கின்றனர். உண்மை வேறு. அதை அறிய, இந்தப் புழு எங்கே பிறந்து எங்கே வளர்கிறது என்று பார்க்க வேண்டும்.

வளர்ந்த நாடாப்புழு வாழும் இடம் மனிதனின் சிறுகுடல் ஒன்றே. அதன் தலை குண்டூசியின் கொண்டையளவே இருக்கும். அதில் நான்கு உறிஞ்சு கிண்ணங்களும், இரு வரிசைக் கொக்கிகளும் உண்டு. அவற்றால் குடற்சுவரைப் பற்றிக்கொண்டு, பின்னால் துணி நாடாவைப் போல இரண்டு முதல் நான்கு மீட்டர் வரை, சில வேளை அதற்கும் மேலாக நீளும். வாயும் இல்லை, குடலும் இல்லை. நாம் செரித்து வைத்த உணவின் சாரத்தைத் தன் தோல் வழியாகவே அது உறிஞ்சிக்கொள்கிறது. ஒட்டுண்ணிகளில் இதைவிடச் சொகுசாக வாழ்வது வேறொன்று உண்டா என்று தோன்றும். உடலை வைத்திருப்பவருக்கோ பெரும்பாலும் எந்தத் தொல்லையும் தெரிவதில்லை. லேசான வயிற்றுப் பொருமல், எப்போதாவது ஒரு குமட்டல், அவ்வளவே.

இப்புழுவின் உடல் நூற்றுக்கணக்கான கண்டங்களால் ஆனது. வால் பக்கத்தில் முதிர்ந்த ஒவ்வொரு கண்டத்திலும் ஏறத்தாழ 50,000 முட்டைகள் இருக்கும். இக்கண்டங்கள் சிறு சிறு துண்டுகளாகக் கழன்று மலத்தோடு வெளியேறுகின்றன. வெறும் கண்ணுக்குத் தெரியாத அந்த முட்டைகள் ஈரமண்ணில் பல மாதங்கள் உயிரோடு கிடக்கும். திறந்தவெளியில் கழித்த மலத்தைப் பன்றி தின்னும்போது முட்டைகள் அதன் வயிற்றுக்குள் செல்கின்றன. அங்கே ஓடு கரைந்து, ஆறு கொக்கிகள் கொண்ட நுண்ணிய கரு வெளிவந்து, குடற்சுவரைத் துளைத்து இரத்தத்தில் கலந்து, தசைகளில் போய்த் தங்கி, நீர் நிறைந்த சிறு பையாக மாறுகிறது. பட்டாணியளவு இருக்கும் அந்தப் பைக்குள் ஒரு வெண்புள்ளி தெரியும். வருங்கால நாடாப்புழுவின் தலை அதுதான். அந்த இறைச்சியைச் சரியாக வேகவைக்காமல் ஒருவர் உண்டால், அவர் குடலில் அத்தலை பற்றிக்கொண்டு, இரண்டு மூன்று மாதங்களில் முழு நாடாப்புழுவாக வளர்ந்துவிடும்.

இதுதான் இப்புழுவின் இயல்பான சுற்று: மனிதக் குடலிலிருந்து பன்றியின் தசைக்கு, பன்றியின் தசையிலிருந்து மீண்டும் மனிதக் குடலுக்கு. இதில் இரண்டு செய்திகளை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். பன்றி இறைச்சியிலுள்ள நீர்ப்பையை உண்டவருக்கு வருவது குடல் நாடாப்புழு. மூளைக் கட்டி அன்று. மூளைக் கட்டி வருவது முட்டையை விழுங்கியவருக்கு. அந்த முட்டை பன்றியிடமிருந்து வருவதில்லை. குடலில் நாடாப்புழுவைச் சுமந்திருக்கும் இன்னொரு மனிதரிடமிருந்து வருகிறது. மனிதனுடைய வயிற்றில் புகுந்த முட்டைக்குத் தான் பன்றிக்குள் இருக்கிறோமா, மனிதனுக்குள் இருக்கிறோமா என்று தெரியாது. பன்றிக்குள் செய்வதையே இங்கும் செய்கிறது. இரத்தத்தில் மிதந்து தசைக்குப் போகிறது, தோலின் அடியில் தங்குகிறது, கண்ணுக்குப் போகிறது, மூளைக்கும் போகிறது. மூளையில் தங்கிய நீர்ப்பைக்கு அதன்பின் எதிர்காலம் இல்லை. அது தவறான வீட்டுக்கு வந்துவிட்ட விருந்தாளி. அங்கிருந்து அடுத்த உடலுக்குச் செல்ல அதற்கு வழி கிடையாது.

இறைச்சியிலுள்ள நீர்ப்பையும் குடலிலுள்ள நாடாப்புழுவும் ஒரே உயிர்தான் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை மருத்துவர்களே ஒப்புக்கொள்ளவில்லை. 1855-இல் ஃப்ரீட்ரிஷ் க்யூஷன்மைஸ்டர் என்னும் ஜெர்மானிய மருத்துவர், மரண தண்டனைக்குக் காத்திருந்த ஒரு கைதியின் உணவில், அவர் அறியாமலேயே, நீர்ப்பைகளைக் கலந்து கொடுத்தார். தண்டனை நிறைவேறிய பின் உடலைத் திறந்து பார்த்தபோது குடலில் இளம் நாடாப்புழுக்கள் இருந்தன. இன்று எந்த மருத்துவ அறக்குழுவும் இப்படியொரு சோதனையை அனுமதிக்காது. ஆயினும் இந்நோயைப் பற்றிய நம் அறிவின் ஒரு பகுதி அக்கைதியின் உடலிலிருந்து வந்தது என்பதை மறைக்க முடியாது.

பன்றி இறைச்சியே உண்ணாத சமூகத்தில் இந்நோய் தோன்றியதற்குத் தெளிவான சான்று நியூயார்க் நகரிலிருந்து வந்தது. அங்கு வாழும் வைதீக யூதக் குடும்பங்களைச் சேர்ந்த நால்வருக்கு மூளையில் இக்கட்டி இருந்ததை 1992-இல் மருத்துவ ஆய்வாளர்கள் வெளியிட்டனர். சமய விதிப்படி பன்றியைத் தொடாதவர்கள் அவர்கள். விசாரித்தபோது, அக்குடும்பங்களில் சமையலுக்கும் வீட்டு வேலைக்கும் இருந்தவர்கள் இந்நோய் பரவலாக உள்ள லத்தீன் அமெரிக்க நாடுகளிலிருந்து வந்திருந்தனர் என்பதும், பணியாளர்களுள் ஒருவருக்குக் குடலில் நாடாப்புழு இருந்தது என்பதும் தெரியவந்தன. இதைப் படித்துவிட்டு வீட்டுப் பணியாளரை ஐயத்தோடு பார்க்கத் தொடங்கினால் அது அநியாயம். நாடாப்புழுவைச் சுமப்பவர் நமக்குச் சோறு பரிமாறும் உறவினராகவும் இருக்கலாம், விடுதிச் சமையற்காரராகவும் இருக்கலாம், நாமாகவும் இருக்கலாம். தனக்குள் அது இருப்பதே அவருக்குத் தெரியாது.

கைப்பேசியில் சுற்றிவரும் ஒரு செய்தியையும் இங்கேயே தீர்த்துவிடலாம். முட்டைக்கோஸ் தின்றால் மூளைக்குள் புழு ஏறிவிடும் என்பது அச்செய்தி. கோசின் மடிப்புகளில் காணப்படும் பச்சைப் புழு ஒரு பூச்சியின் இளம்பருவம். அதற்கும் நாடாப்புழுவுக்கும் எந்த உறவும் இல்லை. மலம் கலந்த நீர் பாய்ந்த நிலத்தில் விளைந்த எந்தக் காய்கறியிலும் நாடாப்புழு முட்டைகள் ஒட்டியிருக்கக்கூடும் என்பது மட்டுமே இதிலுள்ள உண்மை. வேகவைத்தால் முட்டைகள் அழிந்துவிடும். ஆகவே பொரியலுக்கு அஞ்ச வேண்டியதில்லை. பச்சையாக உண்ணும் கேரட், முள்ளங்கி, வெள்ளரி, கடைசியில் கிள்ளித் தூவும் கொத்தமல்லி ஆகியவற்றையே ஓடும் நீரில் நன்கு தேய்த்துக் கழுவ வேண்டும்.

பல ஆண்டு மௌனம்

மூளையில் தங்கிய நீர்ப்பை உயிரோடு இருக்கும் வரை பெரும்பாலும் அமைதியாகவே இருக்கிறது. நம் உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றல் தன்னைக் கண்டுகொள்ளாதபடி சில பொருள்களைச் சுரந்து அது தன்னை மறைத்துக்கொள்கிறது. முதுமையாலோ மருந்தாலோ அது நலியத் தொடங்கும்போது அந்த மறைப்பு விலகுகிறது. உடல் அப்போதுதான் அந்நியனை அடையாளம் கண்டு தாக்குகிறது. அத்தாக்குதலில் சுற்றியுள்ள மூளைத் திசு வீங்குகிறது, வலிப்பு வருகிறது. அதாவது, பல நோயாளிகளுக்கு வலிப்பு என்பது கட்டி சாகத் தொடங்கியதன் அடையாளம். புழு மூளைக்குள் ஊர்ந்து திரிந்து அரிக்கிறது என்று எண்ணித் தூக்கம் இழப்பவர்கள் உண்டு. அது ஊர்வதில்லை. தங்கிய இடத்திலேயே பையாக இருந்து, அங்கேயே மடிந்து, சுருங்கி மறைகிறது; அல்லது சுண்ணாம்புப் புள்ளியாக இறுகிவிடுகிறது.

இந்த மௌன காலம் எவ்வளவு நீளும் என்பது இந்தியாவோடு தொடர்புடைய ஓர் ஆய்விலிருந்தே உலகுக்குத் தெரிந்தது. இங்கு பணியாற்றித் தாயகம் திரும்பிய பிரிட்டிஷ் படைவீரர்கள் பலருக்கு, திரும்பிச் சில ஆண்டுகள் கழித்து வலிப்பு வந்தது. அவ்வாறான 450 நோயாளிகளைப் பற்றிய அறிக்கை 1961-இல் பிரிட்டனில் வெளியாயிற்று. பெரும்பாலோருக்குச் சில ஆண்டுகளிலும், ஒரு சிலருக்கு இருபது ஆண்டுகள் கடந்தும் நோய் தலைகாட்டியிருந்தது. ஆகவே, "போன வாரம் கல்யாண வீட்டில் சாப்பிட்டதால்தானே?" என்று தேடுவதில் பயனில்லை. முட்டை எப்போது, எந்தக் கவளத்தோடு உள்ளே சென்றது என்பதை எவராலும் சொல்ல இயலாது. பெற்றோர் தம்மையும் பிள்ளையையும் குற்றம் சாட்டிக்கொள்வதை நிறுத்த இந்த ஒரு செய்தியே போதுமென்று நினைக்கிறோம்.

நம் மாநிலத்து மருத்துவர்கள் இந்நோய் பற்றிய அறிவுக்கு அளித்த பங்கு பெரிது. சி.டி. ஸ்கேன் இந்தியாவுக்கு வந்த 1980-களில், வலிப்புடன் வந்த இளைஞர்கள் பலரின் மூளையில் சிறு வளையம் போன்ற ஒற்றைக் கட்டி தென்பட்டது. அதைக் காசநோய்க் கட்டி என்று கருதி மாதக்கணக்கில் காசநோய் மருந்து கொடுப்பது வழக்கமாக இருந்தது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மூளை அறுவை மருத்துவர்கள் அத்தகைய கட்டிகளை எடுத்து நுண்ணோக்கியில் ஆய்ந்து, அவற்றில் பெரும்பாலானவை மடிந்துகொண்டிருக்கும் நாடாப்புழு நீர்ப்பைகளே என்று காட்டினர். 20 மில்லிமீட்டருக்கு உட்பட்ட ஒற்றைக் கட்டியை எந்தெந்த அடையாளங்கள் இருந்தால் அறுவையின்றியே இந்நோய் எனக் கொள்ளலாம் என்பதற்கும் அவர்கள் வரையறை வகுத்தனர். தேவையற்ற காசநோய் மருந்திலிருந்தும் மண்டை ஓட்டைத் திறக்கும் அறுவையிலிருந்தும் எத்தனையோ பேர் தப்பியது இதனால்தான். பின்னர் வேலூர் மாவட்டத்தில் நடத்திய கள ஆய்வில், வலிப்பு நோயுள்ளவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கு இந்த ஒட்டுண்ணியே காரணம் என்று கண்டனர். இந்நோய் பரவலாக உள்ள பகுதிகளில் வலிப்பு நோயாளிகளில் சுமார் 30 விழுக்காட்டினருக்கு இதுவே காரணம் என உலக சுகாதார நிறுவனமும் கூறுகிறது.

மருந்து பற்றி

சிகிச்சையில் மூன்று வகை மருந்துகள் உண்டு. வலிப்பைத் தடுக்கும் மருந்து, மூளை வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டு, புழுவைக் கொல்லும் ஆல்பெண்டசோல் அல்லது பிராசிகுவாண்டெல். எல்லோருக்கும் மூன்றும் தேவைப்படுவதில்லை. கட்டி ஏற்கெனவே சுண்ணாம்பாக இறுகிவிட்டால் அங்கே கொல்வதற்குப் புழு இல்லை. புழுக்கொல்லி மருந்தால் பயனும் இல்லை. உயிருள்ள ஓரிரு கட்டிகளே இருந்தால் ஆல்பெண்டசோல் பெரும்பாலும் 10 முதல் 14 நாட்கள் கொடுக்கப்படும். அதற்கு முன்னதாகவே ஸ்டீராய்டு தொடங்கப்படும்.

இந்த வரிசை ஏன் முக்கியம் என்பதைக் குடும்பத்தார் புரிந்துகொள்ள வேண்டும். மூளையிலுள்ள கட்டியை மருந்தால் ஒரேயடியாகக் கொல்லும்போது வீக்கம் கூடுகிறது. தலைவலியும் வலிப்பும் மிகலாம். கட்டிகள் மிகப் பலவாக இருந்து மூளை முழுதும் வீங்கியிருந்தால் புழுக்கொல்லி மருந்தைக் கொடுக்கவே கூடாது. கண்ணுக்குள் கட்டி இருந்தால் பார்வை பறிபோகும் ஆபத்து உண்டு. மருந்துக்கு முன் கண் பரிசோதனைக்கு அனுப்புவது அதற்காகத்தான். "வயிற்றுப் பூச்சிக்கான சாதாரண மாத்திரைதானே" என்று கடையில் தாமாகவே வாங்கி விழுங்குவோரை நாம் காண்கிறோம். அதே மாத்திரைதான், ஆனால் மூளையில் கட்டி உள்ளவருக்கு அது சாதாரண மாத்திரை அன்று. பள்ளியிலோ முகாமிலோ குடற்புழு மாத்திரை வழங்கும்போது, உங்கள் பிள்ளைக்கு வலிப்பு உண்டெனில் முன்கூட்டியே அங்குள்ளவரிடம் சொல்லி, மருத்துவரைக் கேட்டபின் கொடுங்கள்.

ஸ்டீராய்டு எடுத்துக்கொள்ளும் நாட்களில் நீரிழிவு உள்ளவர்க்குச் சர்க்கரை ஏறும். அளவைப் பார்த்துவர வேண்டும். அம்மருந்தைத் திடீரென நிறுத்தக் கூடாது. வலிப்பு மாத்திரை விஷயத்தில் நாங்கள் அதிகம் காணும் தவறு, இரண்டு மாதம் வலிப்பு வரவில்லை என்றதும் தாமாகவே நிறுத்திவிடுவது. மாத்திரை வேலை செய்வதால்தான் வலிப்பு வரவில்லை.

குடும்பத்தார் அதிகம் எதிர்பாராத ஒரு வேண்டுகோளும் எங்களிடமிருந்து வரும். வீட்டில் உள்ள எல்லோரும் மலப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்பதே அது. யாரோ ஒருவர் குடலில் இருக்கும் புழுவிலிருந்துதான் முட்டை வந்தது. அவர் வீட்டிலேயே இருந்தால் மற்றவர்க்கும் தொற்றக்கூடும். முட்டைகள் நாள்தோறும் ஒரே அளவில் வெளியேறுவதில்லையாதலால், வெவ்வேறு நாட்களில் எடுத்த மூன்று மாதிரிகள் கேட்கப்படும். மலத்தில் வெண்ணிறத் தட்டைத் துண்டுகள் தென்பட்டால் அருவருப்பை ஒதுக்கி, மூடியுள்ள சிறு டப்பாவில் எடுத்து வாருங்கள். புழு இருப்பது தெரிந்தால் சிகிச்சை எளிது. பெரும்பாலும் ஒரே வேளை மருந்தோடு முடிந்துவிடும்.

மூளையில் கட்டி உள்ளவரைத் தொடுவதாலோ, அவர் தட்டில் உண்பதாலோ, பக்கத்தில் படுப்பதாலோ அக்கட்டி எவர்க்கும் ஒட்டாது. பரவுவது குடற்புழுவின் முட்டை மட்டுமே. நோயாளியின் தம்ளரைத் தனியே வைக்கும் வீடுகள் உண்டென்று கேள்விப்படும்போது வருத்தமாக இருக்கிறது. இது பரம்பரை நோயும் அன்று. பெண் பார்க்க வருபவர் கேட்டால் என்ன சொல்வது என்று தயங்கும் தாய்மார்களுக்கு ஒரு செய்தி: திருமணத்திற்குத் தகுதிக்குறைவாக இந்து திருமணச் சட்டம் குறிப்பிட்டிருந்தவற்றுள் வலிப்பு நோயும் ஒன்றாக இருந்தது. 1999-ஆம் ஆண்டுத் திருத்தம் அதை நீக்கிவிட்டது. சட்டம் மாறிய அளவுக்கு நம் திண்ணைப் பேச்சு இன்னும் மாறவில்லை.

வீட்டில் வலிப்பு வந்தால் கையில் சாவிக்கொத்தையோ இரும்புத் துண்டையோ திணிக்க வேண்டாம். வலிப்பு பெரும்பாலும் ஓரிரு நிமிடங்களில் தானே நின்றுவிடும். அந்த நேரத்தில் கையில் இரும்பு இருந்ததால் பெயர் இரும்புக்குப் போய்விட்டது. பல் கிட்டியிருக்கும் வாயில் கரண்டியையோ விரலையோ நுழைக்கக் கூடாது. தண்ணீர் ஊற்றக் கூடாது. அருகிலுள்ள கூர்மையான பொருள்களை விலக்கி, தலைக்கு அடியில் மடித்த துணி வைத்து, எச்சில் வெளியே வடியும்படி ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ, நினைவு திரும்புமுன் மறுபடி வந்தாலோ 108-ஐ அழையுங்கள். வலிப்பு கட்டுக்குள் வரும் வரை வண்டி ஓட்டுதல், கிணற்றிலும் ஆற்றிலும் தனியே குளித்தல், தனியே அடுப்பருகில் நிற்றல் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும்.

இந்த ஒட்டுண்ணியை ஒழிக்க முடியுமா என்ற கேள்விக்குப் பெரு நாட்டின் வடக்கிலுள்ள தும்பெஸ் பகுதி நம்பிக்கையான விடை தந்திருக்கிறது. அங்கு மக்களுக்குக் குடற்புழு மருந்தும், பன்றிகளுக்கு மருந்தும் தடுப்பூசியும் சேர்த்து வழங்கினர். 107 ஊர்களில் 105-இல் நோய்ப் பரவல் நின்றதாக 2016-இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் உருவாக்கிய பன்றித் தடுப்பூசியை இன்று நம் ஹைதராபாத் நிறுவனம் ஒன்று தயாரிக்கிறது. ஊசியும் மருந்தும் இருந்தாலும், கழிப்பறை இல்லாத ஊரில் இச்சுற்று மீண்டும் தொடங்கிவிடும். வீட்டளவில் செய்யக்கூடியது, மலம் கழித்த பின்னும் சமைக்கும் முன்னும் உண்ணும் முன்னும் சோப்பிட்டுக் கைகழுவி, நகத்தை ஒட்ட வெட்டி வைப்பது. பன்றி இறைச்சி உண்போர் உள்ளே இளஞ்சிவப்பு தெரியாதபடி நன்கு வேகவைத்து உண்டால் போதும். அவ்வுணவைக் கைவிட வேண்டியதில்லை.

அடுத்த ஸ்கேன் பெரும்பாலும் மூன்று முதல் ஆறு மாதங்களுக்குள் எடுக்கப்படும். கட்டி மறைந்து, வலிப்பும் வராதிருந்தால், மாத்திரையைப் படிப்படியாகக் குறைப்பது பற்றி மருத்துவர் பேசுவார். சுண்ணாம்புப் புள்ளி தங்கியிருந்தால் இன்னும் நீண்ட காலம் மாத்திரை தேவைப்படலாம். வரும்போது பழைய ஸ்கேன் படங்களைத் தவறாது எடுத்து வாருங்கள். அறிக்கைத் தாள் மட்டும் போதாது. இடையில் வலிப்பு வந்திருந்தால் நாளையும் நேரத்தையும் ஒரு சிறு நோட்டில் குறித்து, முடிந்தால் கைப்பேசியில் எடுத்த படத்தையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.